சிவகாமி பஸ்ஸின் முன் ஸீட்

மோட்டார் பஸ் ஒன்று வாங்க வேண்டும் என்ற எண்ணம் கோமதிநாயகம் பிள்ளைக்கு நெய்யாற்றின்கரையில் வைத்து உண்டாயிற்று. அதற்கு முந்தைய நாற்பத்தாறு வருஷத்தில் அவர் மோட்டாரைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசித்தவரல்ல. திருவனந்தபுரத்தில் சாலை என்று பேருள்ள கடைத்தெருவில் புளியும் கருப்பட்டியும் மொத்தமாக விற்கிறவர். நாஞ்சில் நாட்டிலிருந்து சரக்கு மாட்டுவண்டியில் வரும், கடையில் இறங்கும், போகும். மாடுகள் அவரைக் கேள்வி கேட்டதில்லை, அவரும் மாடுகளைக் கேட்டதில்லை.

கொல்லம் வருஷம் ஆயிரத்து நூற்றுப் பதின்மூன்று ஐப்பசியில் சொந்த ஊரில் ஒரு கல்யாணம். புது சில்க் சட்டை போட்டுக்கொண்டு, கூடுதல் கூலி கொடுத்து, நாகர்கோவில் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து ஸீட்டில் ஏறி உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் முன் ஸீட் என்பது சும்மா ஒரு ஸீட் அல்ல. அதில் இருக்கிறவர் யாரோ பெரிய ஆள் என்று நினைத்து வழியில் நிற்கிறவர்கள் தோளில் கிடக்கிற துண்டை எடுப்பார்கள். கரமனைப் பாலம் தாண்டுவதற்குள் பிள்ளைக்கு மூன்று கும்பிடு கிடைத்தது. நேமத்தில் நான்கு. நெய்யாற்றின்கரையில் எக்ஸைஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் ஏறினார். கண்டக்டர் வந்து, "சாரே, கொஞ்சம் பின்னாடி இருக்கணும்" என்று மரியாதையாகச் சொல்லிக் கையைப் பிடித்து இறக்கினான். மிச்ச தூரம் முழுவதும் சில்க் சட்டையோடு கோழிக்கூடை ஒன்றுக்கும் நெசவுக்காரர் ஒருவருடைய நூல்மூட்டைக்கும் நடுவில் பிள்ளை பிரயாணம் செய்தார். பின்னால் இருக்கிறவர்களை யாரும் கும்பிடுவதில்லை. கோழிகள் மட்டும் அவரைப் பார்த்துக்கொண்டே வந்தன.

கல்யாணத்தில் சாப்பாடு இறங்கவில்லை. திரும்பி வந்ததும் மனைவி பிச்சம்மாளிடம், வியாபாரத்தை விருத்தி பண்ண ஒரு பஸ் வாங்கப் போவதாக அறிவித்தார். கருப்பட்டிக்கு வண்டிக்கூலி மிச்சம், ஆள் ஏற்றினால் வரும்படி, கடைக்குப் பேர் என்று காரணங்களை விரல் மடக்கிச் சொன்னார். நான்காவது விரலை மடக்கவில்லை. பிச்சம்மாள் எல்லாம் கேட்டுவிட்டு, பஸ்ஸில் கருப்பட்டி ஏற்றினால் ஆள் எங்கே இருக்கும், ஆள் ஏற்றினால் கருப்பட்டி எங்கே இருக்கும் என்று கேட்டாள். இதனால்தான் வியாபார விஷயங்களைப் பெண்களிடம் சொல்லக் கூடாது என்று பிள்ளை பதில் சொன்னார். அவளிடம் வேறு யாரும் சொல்லவில்லை, அவராகத்தான் சொன்னார்.

விசாரித்ததில் அப்போது விலைக்கு இருந்தது ஒரே ஒரு பஸ். கரமனை அக்கிரகாரத்துச் சேஷய்யருடைய சிவகாமி. அய்யர் முப்பது வருஷம் சர்க்கார் கச்சேரியில் காகிதம் பார்த்துப் பென்ஷன் வாங்கியவர். வந்த தொகையில் ஒரு பழைய அமெரிக்க லாரியின் அடிச்சட்டத்தை வாங்கி, மேலே ஆஞ்சிலி மரத்தில் கூடு கட்டி, தம் தாயார் பெயரை முகப்பில் எழுதி ஐந்து வருஷமாக நாகர்கோவில் ரோட்டில் ஓட்டிக்கொண்டிருந்தார். ஐந்தாவது வருஷத்தில் சிவகாமிக்கு இஷ்டமுள்ள நாளில் மட்டும் ஓடும் பழக்கம் வந்துவிட்டது.

ஆற்றங்கரைப் பக்கம் ஓலைக் கொட்டகையில் நின்ற வண்டியைப் பிள்ளை தாமே பரிசோதித்தார். முப்பது வருஷம் புளி பார்த்தவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். ஸீட்டை விரலால் அமுக்கினார். மரக்கூட்டைத் தேங்காய் தட்டுவதுபோலத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். என்ஜின் எண்ணெயைத் தொட்டு முகர்ந்து, "பழசுதான், ஆனா சிக்கு வாடை இல்ல" என்று அபிப்பிராயம் சொன்னார். அய்யர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். இத்தனை ஆழமாக வண்டி பார்க்கிறவரைத் தாம் கண்டதில்லை என்றார். அது நிஜமும்கூட.

இருந்தாலும் ஊர் ஒன்று சொல்லக்கூடாது என்று தம்பானூர்ப் பட்டறையிலிருந்து மெக்கானிக் ராஜையனைக் கூட்டிவந்தார். ராஜையன் மார்த்தாண்டத்துக்காரன். பேச்சுக் குறைவு. வண்டியின் முன்னால் குனிந்து ஹாண்டிலைச் சுற்றினான். பதினோராவது சுற்றில் சிவகாமி இருமிக்கொண்டு எழுந்தாள். பின்பக்கம் நீலப் புகை கிளம்பி ஆற்றங்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் மறைந்துபோனார்கள். ராஜையன் ஒரு மரக்கட்டையின் ஒரு நுனியை என்ஜினில் ஊன்றி, மறு நுனியில் காதை வைத்துக் கேட்டான். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பார்த்தான். அரைமணி நேரம் கழித்து, கையைத் துடைத்துக்கொண்டே பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்.

"மொதலாளி, பிஸ்டன் ரிங்கு நாலும் தேஞ்சு போச்சு. ரெண்டாவது சிலிண்டர்ல பலமே இல்ல. அடிப் பேரிங்கு தட்டுது, கேட்டீங்களா, டொக்கு டொக்குன்னு? அதுவாக்கும். ரேடியேட்டர் ஒழுகுது. எல்லாம் பிரிச்சுப் பாத்துச் செய்யணும். ரெண்டு மாசம் பிடிக்கும். செஞ்சாலும் ஏத்தத்துல ஏறுகதுக்கு இது பாடுபடும். எனக்க அபிப்பிராயம், வேண்டாம்."

பிள்ளைக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வண்டியின் மேல் வரவில்லை, ராஜையன் மேல் வந்தது. சாலையில் எந்த வியாபாரியும் எதைப் பற்றியும் இப்படிப் பச்சையாக உண்மை சொல்லி அவர் கேட்டதில்லை. புளியில் கொட்டை எத்தனை என்று அவரே யாரிடமும் சொன்னதில்லை. வேலை செய்து கூலி வாங்க வேண்டியவன், வேலையே வேண்டாம் என்கிறானென்றால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்க வேண்டும். ஒருவேளை வண்டி நல்ல வண்டியாக இருந்து, விலையை இறக்கித் தானே வாங்க நினைக்கிறானோ? இப்படி யோசித்து யோசித்து, ராஜையன் குற்றம் சொன்ன ஒவ்வொரு பாகமும் பிள்ளையின் மனசில் தங்கமாக மாறிக்கொண்டு வந்தது.

அடுத்தது ஓட்டிப் பார்க்கும் படலம். நேமம் தாண்டி ஓர் ஏற்றம் வரை போவதென்று முடிவாயிற்று. அய்யருடைய டிரைவர் ஓட்ட, பிள்ளை முன் ஸீட்டில் ஏறினார். போகும் வழியில் இரண்டு பேர் துண்டை எடுத்தார்கள். ஏற்றத்தில் பாதி தூரம் போனதும் சிவகாமி நின்று, ஒரு நிமிஷம் யோசித்து, பின்னால் நகரத் தொடங்கினாள். ராஜையன் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தான். அய்யரும் இறங்கித் தள்ளினார். பிள்ளை இறங்கவில்லை, அவருக்கு அந்த ஸீட்டில் இருப்பு நன்றாகப் பொருந்தியிருந்தது. திரும்பும்போது இறக்கமாக இருந்தபடியால் வண்டி மிக அருமையாக ஓடியது. போன பாதியை விட்டுவிட்டு வந்த பாதியை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளை ஒரு முடிவுக்கு வந்தார்.

அன்று சாயங்காலம் பேச்சு நடந்தது. அய்யர் எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். ரிங் மாற்றும் செலவில் பாதி தமக்கு என்றார். டயர் இரண்டு புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்றார். பிள்ளை கேட்ட விலைக்குக் கீழே இறங்கவும் தயாராக இருந்தார், பிள்ளைதான் கேட்கவில்லை. எட்டு நாள் இப்படியே போயிற்று. தினமும் பிள்ளை கரமனைக்குப் போய்க் கொட்டகையில் நின்று வண்டியைப் பார்ப்பார். வீட்டுக்கு வந்து யோசிப்பார். மைத்துனன் சிவதாணு ஒருநாள் வந்திருந்தபோது, இவ்வளவு யோசிக்க அதில் என்ன இருக்கிறது என்று கேட்டான். சிவதாணு பிச்சம்மாளின் தம்பி. செய்த தொழில் எல்லாவற்றிலும் தோற்று, அடுத்த தொழிலுக்குச் சிரித்த முகத்தோடு போகிறவன். யந்திர விஷயம் யோசிக்காமல் செய்கிறதல்ல என்று பிள்ளை அவனுக்கு விளக்கினார்.

ஒன்பதாம் நாள் முன்பணம் கொடுக்க வெற்றிலை பாக்கோடு போனபோதுதான் அய்யர் அந்த வார்த்தையை எடுத்தார். தமக்கு ஒரே ஓர் ஆசை என்றார். வண்டி கைமாறினாலும், ஆயுள் உள்ளவரை திங்கட்கிழமை தோறும் தாம் சுசீந்திரம் கோயிலுக்குப் போய்வர வேண்டும், அதற்கு முன் ஸீட்டைத் தமக்குக் காசில்லாமல் ஒதுக்கித் தர வேண்டும், அதைப் பத்திரத்தில் எழுதிவிட வேண்டும்.

பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். "பின் ஸீட் பத்தாதா சாமி?"

"அம்மா பேர் போட்ட வண்டி பாருங்கோ. பின்னாடி இருந்தா மனசு கேக்காது."

"அப்போ திங்கக்கிழமை நான் எங்க இருக்கணும்?"

"பிள்ளைவாள், பஸ்ல ஸீட்டா இல்லை? எங்க வேணும்னாலும் இருங்கோளேன்."

பிள்ளைக்குக் கோழிக்கூடை கண்முன் வந்தது. சொந்த வண்டியில், சொந்தப் பணத்தில், வாரத்துக்கு ஒருநாள் கோழிக்கூடை. ரிங், பேரிங், ஏற்றம், நீலப் புகை எல்லாவற்றையும் தாங்கின மனசு இதைத் தாங்கவில்லை. வெற்றிலைத் தட்டைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டு, வண்டி வேண்டாம் என்று சொல்லி வெளியே நடந்தார். அய்யர் வாசல் வரை பின்னால் ஓடிவந்தார். ஸீட் வேண்டாம், விளையாட்டுக்குச் சொன்னேன் என்றார். மறுநாள் கடைக்கே ஆள் அனுப்பினார். அதற்கு மறுநாள் தாமே வந்து புளிமூட்டை மேல் உட்கார்ந்து மன்றாடினார். அய்யர் மன்றாட மன்றாடப் பிள்ளைக்குத் தம்முடைய மானம் எவ்வளவு விலை உயர்ந்தது என்பது தெரிந்துகொண்டே வந்தது. ஒரே பிடியாக இருந்துவிட்டார்.

சிவதாணு கேள்விப்பட்டுக் கரமனைக்குப் போனான். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தான். முன் ஸீட் அய்யருக்கு எல்லா நாளும் இருக்கட்டும், தனக்கு எங்கே இருந்தாலும் ஒன்றுதான் என்றான். ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரத்தில் வியாபாரம் முடிந்தது. பிச்சம்மாளின் காப்பு ஒன்றும் அந்த முன்பணத்தில் சேர்ந்திருந்தது என்பது பிள்ளைக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ராஜையன் சொன்னபடியே வேலை இழுத்தது. தையில் சிவகாமி பச்சைப் பெயின்ட் பூசிக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். ஏற்றத்தில் ஆட்களை இறக்கித் தள்ளச் சொல்லி, இறக்கத்தில் திரும்ப ஏற்றிக்கொண்டு, எப்படியோ நாகர்கோவில் போய்ச் சேர்ந்தாள். தினமும் காலையில் சாலை வழியாகப் போகும்போது சிவதாணு அத்தானுக்கு மரியாதை என்று கடை வாசலில் ஹார்னை அமுக்குவான். முன் ஸீட்டில் இருந்து சேஷய்யர் கை தூக்குவார். பிள்ளை கணக்கு நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார். அந்த மாதம் முழுவதும் அவருக்குச் சாப்பாட்டில் உப்பு தெரியவில்லை. மானத்தைக் காப்பாற்றியாயிற்று, ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருநாள் படுக்கையில், திங்கட்கிழமை மட்டும் பஸ்ஸை ஓட்டாமல் நிறுத்தியிருந்தால் போதுமே என்று தோன்றி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

மாசியில் சர்க்காரே பஸ் விட்டது. நாகர்கோவில் ரோட்டில் இனித் தனியார் வண்டி ஓடக்கூடாது என்று ஆயிற்று. புதுச் சிவப்பு வண்டிகள் வரிசையாக வந்து நின்றதைப் பார்க்க ஊரே திரண்டது. சிவகாமி ஓடினது மொத்தம் முப்பத்தொரு நாள்.

அன்றிலிருந்து கோமதிநாயகம் பிள்ளை தீர்க்கதரிசி ஆனார். எட்டு நாள் யோசித்து, எல்லாம் பேசி முடித்து, கடைசி நிமிஷத்தில் வெற்றிலைத் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தாரே, என்ன காரணம்? காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பிள்ளைக்கு அப்போதே தெரிந்திருக்கிறது! சாலை முழுவதும் இதே பேச்சு. முதலில் இரண்டு நாள் பிள்ளை, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்றார். அது அடக்கம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். நாலாம் நாள், ரோடு என்பது சர்க்காருடையது, இன்றில்லாவிட்டால் நாளைக்கு அவர்கள் கேட்கத்தானே செய்வார்கள் என்று விளக்கமாகவே சொல்லத் தொடங்கினார்.

இந்தச் சமயத்தில் ஒருநாள் சேஷய்யர் புளி வாங்க வந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளைவாள், உங்க கிட்ட ஒரு உண்மை சொல்றேன், கோவிச்சுக்கப்படாது. சர்க்கார் பஸ் வரப்போறதுன்னு எனக்கு ஆவணியிலேயே தெரியும். பழைய கச்சேரிக்காரா சொன்னா. அதுக்காகத்தான் தலையில கட்டப் பாத்தேன்."

பிள்ளை கணக்கு நோட்டை மூடினார். "பின்ன ஆயுசு பூரா ஸீட் கேட்டது?"

"அதாக்கும் நான் பண்ணின அசட்டுத்தனம். இவ்வளவு இறங்கிப்போறானே, என்ன சூதோன்னு நீங்க நினைச்சுடப்படாதே. ஆயுசுக்கும் ஸீட் கேட்டா, வண்டி ஆயுசுக்கும் ஓடும்னு இவனே நம்பறான் பாருன்னு தோணும் இல்லையா? கொஞ்சம் கூடிப்போயிடுத்து." அய்யர் புளியை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "ஆனா நீங்க அதையும் கண்டுபிடிச்சுட்டேள். ஊர் சொல்றது சரிதான். பலே ஆளாக்கும் நீங்க."

பிள்ளை தராசை எடுத்தார். சொல்ல வேண்டியது ஒன்றுதான் இருந்தது, அதை வெளியே சொல்ல முடியாது. அய்யருக்குப் புளியை அன்று கொஞ்சம் கூடுதலாகவே நிறுத்துக் கொடுத்தார்.

அப்புறம் ஆலோசனை கேட்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தையல் மிஷின் வாங்கலாமா என்று ஒருவர், கிராமபோன் எடுக்கலாமா என்று ஒருவர், பழைய பம்பு ஒன்று மலிவாக வருகிறது என்று ஒரு வக்கீல். பிள்ளை எல்லோரையும் உட்கார வைத்து, கண்ணை மூடி, வேண்டாம் என்றார். வேண்டாம் என்று சொல்வதில் ஒரு பெரிய சௌகரியம் இருப்பதை அவர் கண்டுகொண்டார். வாங்காத பொருள் கெட்டுப்போவதில்லை. அதனால் அந்த வாக்குப் பொய்ப்பதே இல்லை.

சிவதாணுவும் வந்தான். ஆலோசனை கேட்க வரவில்லை, சொல்லிவிட்டுப் போக வந்தான். சிவகாமியின் என்ஜினை மட்டும் கழற்றிக் கரமனையில் ஒரு கொட்டகையில் ஊன்றி நெல்லு குத்துகிற மில் போடப் போகிறானாம். ராஜையனும் பாதிக்குக் கூட்டாம். மண்ணெண்ணெயில் ஓடும்படி அவன் மாற்றித் தருகிறானாம். பிள்ளை ஒருமணி நேரம் அவனுக்குப் புத்தி சொன்னார். ஏற்றத்தில் பின்னால் ஓடிய என்ஜின், நீலப் புகை, பேரிங் தட்டுகிற சத்தம் என்று ராஜையன் அன்றைக்குச் சொன்ன குற்றங்களையெல்லாம் தாமே கண்டுபிடித்ததுபோல வரிசையாகச் சொன்னார். சிவதாணு எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி, காப்பி குடித்துவிட்டு, போய் மில்லைப் போட்டான்.

அக்கிரகாரத்திலும் சுற்றுத் தெருக்களிலும் பெண்கள் உலக்கையை மூலையில் சாத்திவிட்டு நெல்லைக் கூடையில் கட்டிக்கொண்டு கரமனைக்கு வந்தார்கள். ஓணத்துக்கு முந்தின வாரம் கொட்டகைக்கு வெளியே ரோடு வரை கூடைகள் வரிசையாக நின்றன. பிச்சம்மாளும் வீட்டு நெல்லை அங்கேதான் அனுப்பினாள். அவளுடைய காப்பு திரும்ப வந்துவிட்டது, கூட ஒரு ஜதைக் கம்மலும் வந்தது. அதை அவள் சாப்பாடு பரிமாறுகிற நேரத்தில் மட்டும் போட்டுக்கொண்டாள். பிள்ளை தினமும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

ஒருநாள் பொறுக்காமல் மில்லுக்குப் போனார். என்ஜின் சிமென்ட் மேடையில் நின்று சீராக ஓடிக்கொண்டிருந்தது. புகை இல்லை. பக்கத்தில் ராஜையன் எண்ணெய்க் குப்பியோடு உட்கார்ந்திருந்தான். பிள்ளை கிட்டே போய், இந்த வண்டி ஆகாது என்று நீதானே சொன்னாய் என்று கேட்டார்.

"வண்டிக்கு ஆகாதுன்னாக்கும் சொன்னேன் மொதலாளி. இங்க ஏத்தம் இல்ல, எறக்கம் இல்ல, ஆளு ஏறி எறங்கணும்னு இல்ல. நின்ன எடத்துல ஓடுகதுக்கு இதுக்கு இன்னும் பத்து வருசம் உயிரு கெடக்கு."

"இதை நீ அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நீங்க அப்போ கேட்டது பஸ்ஸுக்குத்தானே."

பிள்ளை வாசலில் நின்ற நெல்லுக் கூடைகளை எண்ணிப் பார்த்தார். பிறகு சிவதாணுவைத் தேடிப் போய்த் தோளில் கையை வைத்தார். உறவு என்று ஒன்று இருக்கிறது என்றார். தொழில் பெருகும்போது பக்கத்தில் பெரியவர் ஒருவர் பேர் இருப்பது நல்லது, சாலையில் தமக்குள்ள மதிப்பு எல்லோருக்கும் தெரிந்தது, ஆகையால் மில்லில் பாதிப் பங்கு எடுத்துக்கொள்வதில் தமக்கு ஆட்சேபம் ஒன்றுமில்லை என்றார்.

உமியைத் துண்டால் தட்டிக்கொண்டே சிவதாணு கேட்டுக்கொண்டிருந்தான். "அத்தான் சொன்னா மறுத்துப் பேச முடியுமா? ஆனா இது யந்திர காரியமாக்கும். ஒரு எட்டு நாள் யோசிச்சுச் சொல்லுகேன்."

பதினாறு நாள் எடுத்துக்கொண்டான். அதற்குள் பிள்ளை மில்லுக்கு ஐந்து தடவை போய், ஐந்து தடவையும் வீட்டு நெல்லைக் கொடுத்துவிட்டு வந்தார். குத்துவதற்கு வீட்டில் நெல் தீர்ந்துபோயிற்று. கடைசியில் கால் பங்கு கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை, பிச்சம்மாள் சொல்லித் தம்பி போட்டது: பிள்ளை எந்த யந்திரத்தையும் தொட்டோ முகர்ந்தோ அபிப்பிராயம் சொல்லக் கூடாது.

பிள்ளை ஒப்புக்கொண்டார். அடுத்த வாரமே சாலையில் இன்னொரு பேச்சு கிளம்பியது. பஸ்ஸை வேண்டாமென்று விட்டவர், அதன் என்ஜினை மட்டும் எப்படி மைத்துனன் மூலமாகக் கைக்குக் கொண்டுவந்தார் பார்த்தீரா என்று வக்கீல் ஒருவர் பலரிடம் வியந்து சொன்னார். பிள்ளை காதிலும் விழுந்தது. இந்தத் தடவை அவர் முதல் நாளே சிரித்துவிட்டார்.